போயாவுக்கு ரியூசன் இல்லை

தவணை நடுவில் வந்தான் மிதுஷன்.
எல்லாக் கதையிலும் அப்படித்தான் வருவான்கள்.
கடைசி வாங்கு, யன்னலுக்கு எட்டத்தில்,
வெள்ளையடிச்ச மதில் மாதிரி ஒரு நிறம்,
கேட்டால் மட்டும் திறக்கிற வாய்.

திருநெல்வேலி ரியூட்டரியில்
நூற்றிப்பத்துப் பேர் தொகையீடு படிக்க
நான் அவன்ட பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு புத்தகம் வாசித்திருக்கிறேன்.
எல்லாம் போட்டோக்கொப்பி.
ஏழாவதில் கடைசிப் பக்கம் இல்லை,
அவள் ஓநாயைக் கட்டினாளோ காட்டேரியைக் கட்டினாளோ
இன்றுவரை தெரியாது.
ஆனால் சோதிக்கத் தெரியும்.

வெயிலுக்குக் குடை பிடித்து வந்தான். ஒன்று.
கன்ரீனில் மட்டன் ரோல்சைத் தள்ளி வைத்தான். இரண்டு.
(அன்றைக்கு வெள்ளிக்கிழமை
என்பது பிறகுதான் உறைத்தது.)
கொப்பி வாங்க வந்தவன்
கேற்றடியிலேயே நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை.
கூப்பிடாமல் வாசல் தாண்ட மாட்டான்களே!
மயிர் கூச்செறிய 'வாங்கோ' என்றேன்.
'முதல்ல நாயைக் கட்டுங்கோ' என்றான்.

ஸ்கூட்டிக் கண்ணாடியில் முகம் தெரிந்தது,
மூக்கில் ஒரு பருவோடு.
வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் வளர்ந்தவன்.
அவ்வளவுதான்.

நான் வாசித்து முடித்ததெல்லாம்
சுபாங்கினிக்குப் போகும்.
மூன்றாவதைப் பாதியில் திருப்பித் தந்தாள்.
'ஏனடி, முதல் பக்கத்திலேயே
தாய் தேப்பனைக் கொண்டுபோடுகினம்?
பெட்டை இரவில வெளிய போகவேணும் எண்டோ?
பிறகு பதினாறு வயசில சக்தி வருதாம்.'

அவளுக்கு மூன்று வயதில்
தேப்பன் பஸ்ஸில் ஏறினவர்.
ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.
இறங்கினதை ஒருவரும் காணவில்லை.
பதினாறு வயதில் அவள் பெயருக்குத் தபாலில் வந்தது
ஒரு கோப்பு இலக்கம்.
அதை மனப்பாடமாய் வைத்திருக்கிறாள்,
எங்கள் சுட்டெண் மாதிரி.

போயாவுக்கு ரியூசன் இல்லை.
ஓநாயாய் மாற இருப்பவர்களுக்கும்
அரசாங்க லீவு என்று பகிடி விட்டேன்.
மூன்று பேரும் பண்ணைப் பாலத்தடியில்,
ஒரு பை கச்சான்,
மாமி வீட்டுக் கேற் பூட்ட
இன்னும் இருபது நிமிடம்.

கோட்டைப் பக்கமாய் நிலவு ஏறியது.
ஒருத்தரும் மாறவில்லை.
மிதுஷன் கச்சான் கோதை ஊதினான்,
எனக்கு நுளம்பு கடித்தது,
இரத்தம் குடித்தது அது ஒன்றுதான்.

சும்மா இருந்த சுபாங்கினி
திடீரெனத் தலையை நிமிர்த்தி
ஊளையிட்டாள்.
நீளமாய், வெட்கமில்லாமல்,
மீன்பிடிக்க நின்ற ஐயா திரும்பிப் பார்க்க.
சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

குருநகர்ப் பக்கம் ஒரு நாய் பதில் சொன்னது.
பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.

நாய் ஊளையிட்டால் ஆரையோ காணுது
என்றுதானே சொல்லுவினம்.

அவள் சிரிப்பை நிறுத்தி
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஏழு மணி ஆகிவிட்டது என்று
நான் சொல்லவில்லை.