தலைகீழ்க் கிளிகள்

சித்திரைக்கு முதல் நாள், கொட்டாஞ்சேனை.
குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது.
நாலு சுண்டு அரிசி அளந்து
யோசித்து
இன்னொரு சுண்டு போடுகிறேன்.
மன்னாரிலிருந்து மச்சாள் குடும்பம்
பாஸ்போர்ட் எடுக்க வந்து
நம்பர் கிடைக்காமல்
ஆறாவது நாளாக எங்கள் பாயில்.

ஏழு பேர் வீட்டில் பதினொரு பேர்.
தட்டு எட்டுத்தான்.
பிந்தி வருகிறவர்களுக்குச் சட்டி மூடிகள்,
நிலுக்சனுக்கு ஐஸ்கிறீம் பெட்டி,
எனக்குக் கறிச்சட்டியே;
அதன் அடியில் பிரட்டுகிற சோற்றின் ருசி
இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.
சொல்லவும் மாட்டேன்.

சாப்பாட்டு மேசைதான் தையல் மேசையும்.
பாண் தூளைத் துடைத்துத் துணி விரித்தேன்.
பத்தரைக்குப் பிலாக்காய் வெட்டத்
துணி மடித்தேன்.
தேங்காயெண்ணெய் தடவியும்
விரலோடு விரல் ஒட்டுகிறது;
ஊசி என்னிடமிருந்து விழவே விழாது இன்றைக்கு.

புறக்கோட்டையில் பிஸ்ருல் நானா
மீற்றர் பார்க்காமல் நிறுத்துத் தந்த துணி.
மஞ்சளில் பச்சைக் கிளிகள்.
"திரைச்சீலைக்கு அடிச்சது தங்கச்சி,
ஏழு வருசத்துக்குக் கிழியாது."
கத்தரிக்கோல்தான் மழுங்கியது.

பெட்டைகள் மூன்று பேருக்குச் சட்டை,
பொடியன்களுக்குக் கைச்சட்டை.
ஒவ்வொரு பொக்கற்றிலும் ஒரு கிளி
தலையை மட்டும் நீட்டிக்கொண்டு.
கடைசியாக மிஞ்சிய துண்டில்
துவாரகியின் சட்டை.
முன்பக்கத்தில் கிளி நிமிர்ந்தால்
பின்பக்கத்தில் கவிழ்கிறது.
எப்படித் திருப்பிப் போட்டாலும் அப்படித்தான்.
வெட்டவில்லை. வைத்துவிட்டுப்
பருப்பை இறக்கப் போனேன்.

எதிர் வளவில் முள்முருக்கு
இலை இல்லாமல் சிவந்து நிற்கிறது.
மத்தியானத்துக்குப் பிறகு
பக்கத்து வீட்டில் அடுப்பு அணைந்தது.
அவர்களுக்கு நோனகத.
சமைக்கக் கூடாது, தைக்கக் கூடாது,
நல்ல நேரம் பிறக்கும்வரை
எதையும் தொடங்கக் கூடாது.
முருக்கிலிருந்த குயில் மட்டும்
யாரையும் கேட்காமல் கத்தியது.

சுஜீவா அக்கா எங்கள் படியில் வந்து இருந்தா.
வெறுங்கையை எங்கே வைப்பதென்று
அவவுக்குத் தெரியவில்லை.
மடியில் வைத்தா. முழங்காலில் வைத்தா.
பிறகு இரண்டையும் கக்கத்துக்குள் ஒளித்தா.
உள்ளே என் மெஷின்
நின்று நின்று ஓடுவதை
எவ்வளவு நேரம்தான் கேட்பா?

"துணி பிடிக்கிறது வேலை இல்லை, நே?"
"இல்லை" என்றேன்.
பிடித்தா.
"நூல் போடுறது?"
அதற்கு நான் வாய் திறக்கவில்லை,
என் கண்ணாடி உடைந்து இரண்டு மாதம்.
போட்டுத் தந்தா.
ஐந்தாவது பொத்தானைத் தைத்த பிறகு
நிமிர்ந்து கூரையைப் பார்த்தா,
அங்கே யாரோ கொப்பியில் எழுதுகிற மாதிரி.

துவாரகியின் சட்டையை
அவ ஒரு முனை, நான் ஒரு முனை
இழுத்துப் பிடித்து
கண்ணை மூடிக்கொண்டு வெட்டினோம்.
நான்தான் வெட்டினேன்.
அவ பிடிக்க மட்டும்தான் செய்தா,
இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

பொழுதுபட்டது.
கருவாடு பொரிகிற மணத்துக்கு
அவவின் சின்னவன் மதிலால் எட்டிப் பார்த்தான்.
பார்ப்பது சாப்பிடுவது இல்லைத்தானே.
நான் அலுமாரியில்
இன்னொரு ஐஸ்கிறீம் பெட்டி தேடினேன்.

விடிய, கொக்கிஸ் தட்டோடு அவ வரும்போது
துவாரகி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்
கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம்.

"அம்மா! பின்னாலே எல்லாம் வௌவால்!"

இப்போது மச்சாளின் மூத்தவள்
தன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு
மூலையில் இருக்கிறாள்.
தனக்கும் வௌவால் வேண்டுமாம்.
பால்ச்சோறு ஆறுகிறது.