இடம் வலம்

இலேஷா ஊரில், சாங்கோதாரேயின் ஸ்டூடியோவில்
ஒரே முற்பகலில் என்னை
இரண்டு முறை உட்காரவைத்தார்கள்.

முதலில் நானாக.
மஞ்சள் கவுன், காதில் வளையம்,
முழங்காலில் காயாத சிராய்ப்பு.

பிறகு வளையத்தைக் கழற்றினார்கள்.
அவனுடைய நீலச் சட்டை. அவனுடைய குல்லாய்.
தட்டம்மை அவனைக் கொண்டுபோய்
ஒரு மாதம் ஆகியிருந்தது.
சட்டைப் பையில் ஒரு சோடா மூடி கிடந்தது.
நான் அதை எடுக்கவில்லை,
என்னுடையது இல்லையே.

"சிரிக்காதே" என்றார் சாங்கோதாரே.
"தாய்வோ அமைதியான பையன்."
பொய்.
விக்கல் எடுக்கும்வரை சிரிப்பவன் அவன்.
அம்மாவைப் பார்த்தேன்.
அவள் தரையைப் பார்த்தாள்.
வாயை மூடிக்கொண்டேன்.
அவன் ஒருநாளும் செய்யாததை
அவனாக இருந்து நான் செய்தேன்.

இரண்டு நெகட்டிவ், ஒரே தாள்.
நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு;
அதில் என் தோள் கொஞ்சம் போய்விட்டது,
அவன் தோளும் கொஞ்சம்.

எங்கள் கணக்கு வேறு மாதிரி:
பின்னால் பிறந்தவள்தான் மூத்தவள்.
உலகம் இருக்கத் தக்கதா பார்த்து வா என்று
தம்பியை முன்னே அனுப்பியவள் கெஹிந்தே, அதாவது நான்.
அவன் போய்ப் பார்த்து
வீறிட்டு அழுது தகவல் சொன்னான்.
அந்த அழுகையை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு
பின்னாலேயே வந்தேன்.
நான்கு வயதில் மறுபடியும் முன்னே போனான்.
அங்கிருந்து
இன்னும் குரல் வரவில்லை.

படத்துக்கு முன் ஒரு தட்டு அவித்த பயறு,
எனக்கு ஒரு தட்டு.
ஆறியதும் இரண்டையும் நான்தான் தின்பேன்.
குண்டாக வளர்ந்தேன்.
விருந்தாளிகளிடம் அம்மா படத்தைக் காட்டுவாள்:
"இவன் நெற்றியைப் பாருங்கள், அப்படியே என் அப்பா.
இவளுக்குத்தான் அது வாய்க்கவில்லை."
விருந்தாளிகள் என் நெற்றியைப் பார்ப்பார்கள்.
அதற்குப்பின் ஒருவரும்
பேச்சைத் தொடர்ந்ததில்லை.

நாற்பத்தொரு வயதில், இபாதானில்,
சஹாராவின் புழுதி கடைவீதியை மூடியிருந்த ஒரு சனிக்கிழமை,
செல்லரித்த அந்தத் தாளைப் புதுப்பிக்கக் கொடுத்தேன்.
கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கிய பையன் கேட்டான்:
"அக்காவுக்கு மச்சம் இடது கன்னத்தில்,
தம்பிக்கு வலது கன்னத்தில். இரட்டைப் பிள்ளைகளா?"

எட்டிப் பார்த்தேன்.
சாங்கோதாரே, கெட்டிக்காரக் கிழவரே,
பிள்ளைகள் இருவரும்
ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்தது போல இருக்கட்டும் என்று
ஒரு நெகட்டிவை மட்டும்
புரட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அன்று இரவு பல் விளக்கும்போது
பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.
கண்ணாடிக்குள் இருப்பவருக்கும்
மச்சம் வலது கன்னத்தில்.
முப்பத்தேழு வருடமாக
யாருக்குத் தலை வாரினேன்,
யாருக்குப் பொட்டுப்போல் கண்ணோரம் மை வைத்தேன்,
விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்டு வந்த அன்று
யாரைப் பார்த்து 'பரவாயில்லை, விடு' என்றேன்?

என் முகத்தை நான்
பாஸ்போர்ட்டில் மட்டுமே கண்டிருக்கிறேன்.
அதனால்தான் அது எப்போதும்
கொஞ்சம் கோணலாகத் தெரிந்ததோ என்னவோ.

இப்போது கைபேசியை என் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்.
திரையில் அவன் வருகிறான்,
நரைத்திருக்கிறான், எடை கூடியிருக்கிறான்,
அந்த நெற்றி எங்கள் தாத்தாவுடையதேதான்.
நான் சிரித்தால் சிரிக்கிறான்.
இன்று சிரிக்காதே என்று சொல்ல ஆளில்லை.

பொத்தானை அழுத்தினால்
படம் தானாகத் திரும்பிக்கொள்ளும்;
மச்சம் இடது கன்னத்துக்குப் போய்விடும்.
கேலரியில் என்னுடைய படங்கள் அறுநூறு இருக்கின்றன.
அவனுடையது ஒன்றுகூட இல்லை.

அழுத்தாமல் பிடித்திருக்கிறேன்,
கை கடுக்கிறது.