உதிர்வுக் கணக்கு

விண்டர்தூர் அருங்காட்சியகம், இரவு பத்து மணி.
ஆயிரத்து நாநூறு பாண் அடுக்கி
ஒரு வங்கி கட்டியிருக்கிறார் ரேட்டோ சும்ப்ரூன்.
தூண், படி, உச்சியில் மணிக்கூடு;
முள் இரண்டும் பாண் கரை.

சுவரில் எழுதியிருக்கு: இது பசியைப் பற்றியது.
எனக்கு எழுதித் தந்தது வேறு.
தும்புத்தடி படக்கூடாது.
உதிர்ந்ததைத் தூரிகையால் கூட்டி
நிறுத்து, திகதி போட்டு, பைக்குள் வைக்கவேணும்,
காப்புறுதிக்காரருக்கு.

திங்கள், பதினான்கு கிராம்.
செவ்வாய், ஒன்பது.
புதன், எலி.
எலிக்குத் தனிப் படிவம்.

நேற்று இரண்டாம் தூணடியில்
நின்றபடியே சாப்பிட்டேன்:
கடை மூடுற நேரம் பாதி விலை ஒட்டின பாண்,
உள்ளே கட்டைச் சம்பல்.
குனிந்து பார்த்தால்
தரையில் எது அவருடையது,
எது என்னுடையது?

சிவந்திருந்ததை மட்டும் பொறுக்கி
வாயில் போட்டேன்.
மிச்சம் முழுதையும் நிறுத்தேன்.
இருபத்தொரு கிராம்.
ஒப்பம்: த. கோமளேஸ்வரி.

காலையில் பொறுப்பாளர் அம்மா
பையை வெளிச்சத்துக்குப் பிடித்து
முகம் வாடிச் சொன்னா,
வங்கி கெதியாய் உதிருது.

ஓம் என்று
தலையாட்டினேன்.