கண்ணாடியை ஆட்டாமல் பிடி

குஸ்கோவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவரே,
அந்தக் கேமராவைச் சட்டைக்குள் போடுங்கள்.
மழை வரும். இங்கே டிசம்பர் என்றால் சேறு.
காளைத் திடலின் கல்வரிசையில் இடம் கிடைத்தால்
அடியில் விரிக்க ஏதாவது வேண்டும், கல் குளிரும்.
நான் சுகாதார நிலையத்துத் தாதி, எதெல்விரா.
ஊரெல்லாம் பாலன் பிறப்புக்கு விடுமுறை,
எனக்கு மட்டும் இல்லை.
பூசை முடிந்ததும்
சாந்தோ தொமாஸில் மூக்குகள் உடையும்.

இதுவரை ஏழு புருவம் தைத்துவிட்டேன்.
ஒருவன் தன் கடைவாய்ப் பல்லைக்
கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகிறான்,
வீட்டில் காட்டவாம்.

அதோ, தலையில் செத்த பருந்தைக் கட்டி
கம்பளி முகமூடி மாட்டி வருகிறதே ஓர் உருவம்,
கீச்சுக் குரலைக் கேட்டு ஏமாறாதீர்கள்.
அது லாரிக்கார அனாக்லேத்தோ.
சொந்தக் குரலில் பேசினால் ஆள் தெரிந்துவிடும்.
(குரலை மாற்றினாலும் தெரிகிறது,
அந்த பூட்ஸ் ஊரில் வேறு யாரிடமும் இல்லை.)
மார்ச் மாதம் தன் வயலின் தண்ணீரை
ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பிவிட்டவனின் பெயரை
இப்போது கூவப் போகிறான்.
ஒன்பது மாதம் சுமந்த பெயர்.
பிரசவம் பார்க்கிறவள் சொல்கிறேன்,
அதற்குமேல் எதையும் உள்ளே வைத்திருக்க முடியாது.

வழக்கு மன்றத்துக்கு முத்திரைத்தாள் வேண்டும்.
இதற்குக் கைமுட்டியில் சுற்ற ஒரு துணி போதும்.
முதலில் கட்டித் தழுவ வேண்டும், பிறகு அடி.
விழுந்தவனைத் தொட்டால் நடுவரின் சாட்டை பேசும்.
முடிந்ததும் மறுபடி தழுவல்.
அந்த இரண்டாவது தழுவலைப் பாருங்கள்,
படம் எடுப்பதானால் அதை எடுங்கள்.
முதலாவது சடங்கு.
இரண்டாவதில் மூச்சு வாங்கும்.

பெண்கள் வய்லீயா பாடிக்கொண்டிருந்தார்கள்,
ஒரே அடி, திரும்பத் திரும்ப,
காது கூசும் உச்சத்தில்.
நான் பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எனக்கும் ஒரு பெயர் இருந்தது, நாவின் அடியில்:
லியோக்காதியா.
காய்ச்சல் மருந்தில் நான் தண்ணீர் கலக்கிறேன் என்று
சந்தை முழுக்கச் சொன்னவள்.
ஓர் ஆண்டு என் வாசலில் ஈ இல்லை.
மூன்று மணிக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு
இறங்குவதாக இருந்தேன்.

இரண்டே முக்காலுக்குத்
திடலிலிருந்து கேட்டது என் பெயர்.

அவள்தான். பாவாடையைத் தூக்கிச் செருகி
சேற்றில் நின்று கூவினாள்:
ஆகஸ்ட் மாதம், ஐந்து மணி, ஆலங்கட்டி மழை.
மகனைச் சுமந்து வந்தேன்.
நாளைக்கு வா என்று கதவைச் சாத்தினாய்.

அந்த மாலையைத் தேடிப் பார்த்தேன்.
எத்தனையோ மாலை, எத்தனையோ கதவு.
எனக்கு நினைவில்லை.
அவளுக்குத் தாழ்ப்பாளின் சத்தம்கூட நினைவிருந்தது.

போனேன். தழுவினோம்.
அவள் தலைமுடியில் அடுப்புப் புகை.
என் குத்து அவள் காதோரம் பட்டது,
அவளுடையது என் உதட்டில்.
மூன்று குத்து, நான்கு இருக்கலாம்.
நான்காவதை நான் தடுக்கவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கூட்டம் சிரித்தது, நடுவர் கையை உயர்த்தினார்,
மழை வந்தேவிட்டது.

இந்த ஊரில் உதடு தைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
மரப்பூசி காலையிலேயே தீர்ந்துவிட்டது.
சுவரிலிருந்த கண்ணாடியை இறக்கி
லியோக்காதியாவிடம் கொடுத்தேன்.
முதல் குத்தலில் அவள்தான் முகத்தைச் சுளித்தாள்.
ஆட்டாமல் பிடி என்றேன்.
பிடித்தாள்.
மூன்று தையல். கண்ணாடிக்கு மேலே
அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.
பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்,
பாதி உதட்டால்.
கழுதை மாதிரி வளர்ந்துவிட்டான் என்றாள்.

சரி, பயணியே, வாசலை மறிக்காதீர்கள்.
அனாக்லேத்தோவைத் தூக்கி வருகிறார்கள்.
பருந்து எங்கேயோ விழுந்துவிட்டதாம்,
மூக்கைவிட அதற்குத்தான் அழுகிறான்.