கதவு உள்ள சூடு

ஓசிச் சீட்டு. ‘முதல் தடவைக்கு மட்டும்’ என்று
பச்சை மையில் அடித்திருந்தது.
வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே
புதிதாய்த் திறந்த ஜிம் முதலாளி
ஜங்ஷன் ஸ்டாண்டில் என்னிடம்தான் பைக் விடுகிறார்.
மூன்று நாள் பாக்கிக்குச் சில்லறை இல்லையென்று
இதை நீட்டினார்.

கத்திரி வெயில், ஆறாம் நாள்.
தகரத்துக்குக் கீழே விடிகாலை ஐந்திலிருந்து
டோக்கன் கிழிக்கிறவள்
வேர்ப்பதற்கென்று ஓரிடம் தேடிப் போவாளா?
“ஏட்டி, மத்தியானம் இங்ஙன நின்னா பத்தாதா?”
சோடாக் கடை பிரமு சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
சீட்டை மட்டும் கிழிக்கவில்லை.

ஜெபக்கனி என்று பெயர் குத்தியிருந்த பெண்
என் வேலையை என்னைப் போலவே செய்தாள்,
முகம் பாராமல், எண் கொடுத்து.
பதினாலு.
சாப்பிட்டு எவ்வளவு நேரம், பிரஷர் மாத்திரை உண்டா,
தலை சுத்துமா?
ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்தாள்.
“நகையக் கழட்டிருங்கக்கா, சுட்டுரும்.”
தாலிச் செயின் பெட்டிக்குள் போனது,
யாரோ விட்டுப்போன வண்டி மாதிரி.
மெட்டிதான் வரவில்லை. இருபத்தோரு வருஷம்;
சோப்புக்கும் மசியவில்லை.
“போட்டும், கால் கீழதான இருக்கும்” என்றாள்.
அப்போது அது விளங்கவில்லை.

குளித்து, ஈரம் போகத் துவட்டி
மரவாசனைக்குள் நுழைந்தேன். மூன்று படிகள்.
நேரே உச்சிப்படி ஏறினேன்.
வெயில் எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.
இரண்டே நிமிஷம்,
மூக்குக்குள் நெருப்பு, காதுமடல் தனியே எரிந்தது.
நடுப்படி. அப்புறம் கீழ்ப்படி.
சூட்டுக்கு உயரம் பிடிக்கும் போலிருக்கிறது.
அங்கே, தரையோரம்,
என் மெட்டி குளுகுளுவென்று கிடந்தது.

மேலே ஒரு மேலப்பாளையத்துக்காரி,
ரஹ்மத் நிஷா, மூன்றாவது வாரமாம்.
கல்லடுப்புப் பக்கம் அகப்பையை நீட்டி,
“ஊத்தட்டுமா, உங்களுக்குப் பரவால்லையா?” என்றாள்.
என்ன சொல்ல?
என்னைக் கேட்டுச் சூட்டைக் கூட்டியவர்
இதுவரை யாருமில்லை.
சும்மா சொல்லிப் பார்த்தேன், “வேண்டாம்.”
அகப்பையை வாளியில் போட்டுவிட்டாள்.
அவ்வளவுதான்.

அப்புறந்தான் கதவைப் பார்த்தேன்.
தாழ்ப்பாள் இல்லை.
வெளிப்பக்கமாய்த் திறப்பது;
தோளால் இடித்தால்கூடப் போதும்.
ஸ்டாண்டுக்குச் சுவரே கிடையாது,
நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது.
அதற்குக் கதவு இல்லை.

சுவரில் மணல் கடிகாரம், கால்வாசி மிச்சம்.
முடியட்டும் என்று முதலில் பல்லைக் கடித்தேன்.
யாரிடம் ஜெயிக்க?
எழுந்து, ஒரு நிமிஷம் நின்று, வெளியே வந்தேன்.

குளிர்தண்ணீர் என்று எழுதியிருந்த குழாயில்
மொட்டைமாடி சிண்டெக்ஸின் கொதிநீர்.
மே மாதத்தில் திருநெல்வேலியில் எழுத்தை நம்பக்கூடாது.
ஜெபக்கனி ஐஸ் போட்ட வாளி கொண்டுவந்தாள்.
“தலைல கொட்டிராதீய. பாதம், கை, பெறவு தோள்.”
முதல் கோப்பை பாதத்தில் விழ
எனக்கே தெரியாத ஒரு சத்தம் வாயிலிருந்து வந்தது.
உப்பு மோர் குடித்து
பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா இருந்தேன்.
பத்து நிமிஷம். யாரும் வண்டி கேட்கவில்லை.

மறுபடி உள்ளே. நேரே கீழ்ப்படி.
“இப்ப ஊத்துங்க” என்றேன்.
கல் சீறியது.
முதுகில் ஆவி சாய்ந்தது, பாரமில்லாமல்.

பாலத்தில் பஸ் ஏறும்போது
ஆற்றுக்காற்று கழுத்தைத் தொட்டது.
கழுத்தை மட்டும்.
பதறி இறங்கித் திரும்பி ஓடினேன்,
வேர்த்த வேர்வையெல்லாம் மறுபடி வேர்த்து.

“டோக்கன்?” என்றாள் ஜெபக்கனி, நிமிராமல்.
தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்பேன்.
மணிக்கட்டு ரப்பரில்
பதினாலாம் எண் அப்படியே இருந்தது.