ரசமலாய்க்குப் பக்கத்தில்

ஏகாம்பரத்தின் இன்சுலின்
என் கடை ஃபிரிட்ஜில் இருக்கிறது.
ரசமலாய்க்குப் பக்கத்தில்
ஒரு எவர்சில்வர் டப்பா.
மூடியில் அவன் மனைவி நாகபூஷணம்
நெயில் பாலிஷால் எழுதிய ஏ.

வேலூரில் பேர் வெட்டி அனுப்பிய மத்தியானம்
பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள்
ஐஸ் கரைந்து மடி நனைந்துவிட்டதாம்.
ஆற்காட்டில் இறங்கி நேரே இங்கே வந்தாள்.
"ஊரெல்லாம் நெனச்சிப் பாத்தேன் பாய்,
ராவும் பகலும் ஓடுற பொட்டி
உங்க கிட்டதான் கீது."
அவன் படியேறவில்லை.
மார்பில் இரண்டு ஸ்டென்ட்,
கையில் செருப்பு அளவுக்கு மாத்திரைப் பொட்டலம்.

பத்தொன்பது வருஷம்
மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு
அந்திக்கு என் கடைக்குத்தான் வருவான்.
இரண்டு மக்கன் பேடா.
கூலி நாளில் நான்கு.
பாகைக்கூட விடாமல் குடித்துவிட்டு
தொன்னையைக் கவிழ்த்துக் காட்டுவான்.
சில்லறையை எண்ணி வாங்கியவன் நான்.
இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இப்போது காலை ஏழு, ராத்திரி எட்டு.
காலையில் வரும் வழியில்
மண்டித் தராசில் ஏறி நின்றுவிட்டு வருவான்.
அறுபத்தெட்டு. அறுபத்தெட்டேகால்.
திடுமென்று இரண்டு கிலோ ஏறினால்
அது சதையில்லை, தண்ணி,
உடனே போன் போடு என்றிருக்கிறார்கள்.
கணக்குப்பிள்ளை துளசிங்கம்
மூட்டை நோட்டிலேயே எழுதிக்கொள்கிறார்:
ஏகாம்பரம், வரவு.

டப்பாவை நீட்டுவேன்.
அவன் கண் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும்.
"பாதி, பாய்."
"போடா."
"மோந்தாவது பாக்கறேன்."
சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது.
சிரிக்க வைப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க கரன்ட் நிறுத்திய அன்று
ஈர மணல் போட்ட பானைக்குள் டப்பாவை இறக்கி
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
ரசமலாய் புளித்தது.
புளிக்கட்டும்.

ஆறாவது வாரமோ ஏழாவதோ.
வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு
பழையதைத் தொடாமல்
ரேஷன் வரிசையில் போய் நின்றிருக்கிறான்.
டப்பாவைத் திருப்பித் தந்த கை நடுங்கியது.
வெயில் ஏறாத நேரம்,
சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.
என்னைத் துளசிங்கம் என்று கூப்பிட்டான்.

என் கை பேடாத் தட்டுக்குத்தான் போனது.
நடுவில் ஃபிரிட்ஜ் கதவு,
அதில் நாகபூஷணம் ஒட்டிய தாள்.
நர்சம்மா போனில் சொல்லச் சொல்ல எழுதியது:
வேர்த்துப் பேச்சு கொழறனா
சக்கரத் தண்ணி, மூணு ஸ்பூன்.
பேடா வாணாம். நெய் லேட் பண்ணும்.
"முழுங்குவியா?"
தலையாட்டினான்.
டம்ளரைக் கலக்கிய சத்தம்
கடைக்கு வெளியே வரை கேட்டிருக்கும்.

கால் மணி.
கடிகாரம் பொய் சொல்கிறது என்று நினைத்தேன்.
ஈ ஒன்று
அவனுக்கும் தட்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.
பிறகு நெற்றி காய்ந்தது,
டம்ளரின் அடியை எட்டிப் பார்த்தான்.
"இனிப்பே பத்தல, பாய்."
எதிர்க்கடையிலிருந்து நான்கு இட்லி வரவழைத்து
கடைசித் துண்டு வரை
எதிரே நின்றேன்.

ராத்திரி எட்டுக்கு வந்தான்.
காலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.
நாகபூஷணம் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
இரவு ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள்.
குனிந்தால் அவனுக்கு முட்டிக்கொண்டு வரும்.
பாதம் பார்ப்பது தாளில் மூன்றாவது வரி.

ஸ்டூலில் உட்கார வைத்துக் காலைத் தூக்கி
கண்ணாடிப் பெட்டி வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
சுண்டு விரல் இடுக்கில்
ஒரு நெல்,
முனை உள்ளே இறங்கி,
சுற்றிலும் சிவந்து.

"வலிக்கலியா?"

"எது?" என்றான்.