ஏற்கெனவே உள்ளார்

பாடாங் சிராய் பெரிய சாலையில்
இரும்புக்கடைக்கு மேல் மாடி என் அலுவலகம்.
கீழே லியோங் ஷட்டரை இழுத்தால் மணி ஏழு.
மேசை ஒருமுறை நடுங்கி அடங்கும்.

ஆலையின் எடைமேடையிலிருந்து முதல் புகார்:
மூன்று நடையாய் வந்த செம்பனைப் பழம்
கூட்டினால் பன்னிரண்டு டன்.
திரையிலோ பதினொன்று, ஒரு புள்ளி,
அப்புறம் ஒன்பது ஒன்பதாக,
பஸ் வராத பள்ளிப் பிள்ளைகள் போல ஒரே வரிசை.
மிதவை எண்ணைத் தசமமாக்கினேன்.
கோப்பி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

சுழியம் அப்படியில்லை.
இரண்டாயிரத்தில் பிறந்த பையன்களுக்கு
அடையாள எண்ணே சுழியத்தில்தான் தொடங்கும்.
எனக்கு முன் இங்கிருந்தவன்
அதைக் கூட்டிக் கழிக்கிற எண் என்று நினைத்துவிட்டான்.
யார் கூட்டப்போகிறார்கள் இரண்டு பேரின் அட்டைகளை?
எழுத்து வகைக்கு மாற்றி ஓடவிட்டேன்.
நானூற்றுப் பதினேழு பேருக்கு
முன்பல் முளைத்தது.

எண்பத்திரண்டு புத்தாண்டில்
நாட்டின் கடிகாரம் அரைமணி முன்னே போனது.
அதற்கும் முன் பிறந்தவர்களை எங்கள் நிரல்
முந்தின நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பிவிடும்.
வெளிக்காட்டு வேலை பார்க்கும் வடிவழகிக்கு
ஓய்வுக் கடிதம் ஒருநாள் முந்தி வந்தது.
"ஒருநாள் கூலிதானே" என்றார் மேனேஜர்.
"பொறந்த நாளு சார்" என்றாளாம் அவள்.
தேதிக்கு மணி எதற்கு? வெட்டி எறிந்தேன்.

இதெல்லாம் திங்கள், செவ்வாய்.
புதன்கிழமை கிராணி புஷ்பராஜ் கூப்பிட்டார்.
"அக்கா, சிஸ்டம் ஆளைச் சேர்க்க மாட்டேங்குது.
இந்த எண்ணோட ஒருத்தர் ஏற்கெனவே உள்ளார்ங்குது."
எந்த எண் என்றேன்.
"எண்ணே இல்லக்கா. கார்டு இல்லாத பொண்ணு."

பட்டியலைத் திறந்தேன்.
அட்டை இல்லாத முதல் ஆள் வெற்றுச்சரமாய் ஏறியிருந்தார்.
ஒரு வெறுமை இன்னொரு வெறுமைக்குச் சமம்,
ஆகவே இரண்டாம் ஆளுக்கு இடமில்லை.
புஷ்பராஜ் விடுகிறவரா?
இரண்டாமவருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்.
மூன்றாமவர் புள்ளி.
நான்காமவர் இரண்டு புள்ளி.
மங்களேஸ்வரி, நாற்பத்தொன்று வயது, இரண்டு பிள்ளை,
ஒரு நட்சத்திரக் குறி.
அறுபத்து மூன்றாவது ஆளுக்குக்
கீபோர்டில் குறி தீர்ந்துவிட்டது.

நான் கேட்டது 'நல்'.
தமிழில் எழுதினால் நல்லதில் முதல் பாதி,
பொருள் என்னவோ தெரியாது என்பதுதான்.
ஒரு தெரியாது இன்னொரு தெரியாதுக்குச் சமமில்லை.
தரவுத்தளத்துக்கு இது தெரியும்.
நடுவில் நிற்கிற பொருள் மாற்றிதான்
தெரியாததை வாங்கி
ஒன்றுமில்லை என்று கீழே ஒப்பித்துக்கொண்டிருந்தது.

மாற்றியது ஒரே ஒரு வரி.
அதைத் தேட மூன்று ராத்திரி, ஐந்து கொசுவத்திச் சுருள்.
கோடு, புள்ளி, நட்சத்திரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச்
சரிபார்க்க அந்த நெடுவரிசையை எண்ணச் சொன்னேன்.
அறுபத்து மூன்று குறைந்து வந்தது.
வயிறு கலங்கிவிட்டது ஒரு நிமிஷம்.
மறந்தே போனேன்,
நல்லை அது எண்ணாது,
ஆளை எண்ண வேண்டுமென்றால்
வரிசையை எண்ண வேண்டும்.
எண்ணினேன். இருந்தார்கள்.

சனி காலை புஷ்பராஜிடம் சொன்னேன், சரியாகிவிட்டது.
"அப்ப கார்டு கெடைச்ச மாதிரியாக்கா?"
இல்லை, கிடைக்கவில்லை என்று எழுத இடம் கிடைத்திருக்கிறது.
அவர் ஒன்றும் பேசவில்லை.
பின்னால் யாரோ ஒரு பெண் கேட்டாள்,
சம்பளம் இன்னிக்கேதானா என்று.